கேஸ் குறையவில்லை

மெக்ஸிக்காலி. ஜூலை. மதியம் இரண்டு.
நாற்பத்தேழு டிகிரி என்கிறது
எதிர் மருந்துக்கடைப் பலகை.
அது நிழலில் தொங்குகிறது,
என்ன வேண்டுமானாலும் சொல்லலாம்.

பழைய நிஸ்ஸான் ஒன்று
என் தகரக் கூரைக்குள் வந்து நின்றது.
எவாரிஸ்தோ இறங்கும்போதே கத்தினான்:
"காலையில ஐஸ் மாதிரி வருது, நெரெய்தா.
மத்தியானம் ஆனா கழுதை மூச்சு."

பின்சீட்டில் மூன்றடுக்குக் கேக்.
பதினைந்து நிறையும் யாரோ ஒரு பெண்ணுக்கு.
ரோஜா நிறக் கிரீம்,
உச்சியில் சர்க்கரைக் கிரீடம்.
கிரீடம் ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்து
ஜன்னல் வழியே
ஊரை வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தது.
மண்டபத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

இதற்குமுன் மூன்று கடை ஏறியிருக்கிறான்.
மூன்றிலும் ஒரே வைத்தியம்:
கேஸ் குறைவு, ஏற்றணும்.
ஏறியது பில் மட்டும்.
எப்போது சூடாகிறது என்று
ஒருவரும் அவனைக் கேட்கவில்லை.
வாயைத் திறந்ததுமே அவன் சொல்வது
அதைத்தானே.

கேஜைப் பூட்டினேன்.
நீல முள்ளும் சிவப்பு முள்ளும்
ஒரே உயரத்தில், படு சமாதானமாக.
ஏசிக்குள் சமாதானம் ஆகாது.
நீலம் இறங்க வேண்டும், சிவப்பு ஏற வேண்டும்;
அந்தப் பிணக்கில்தான் குளிர் பிறக்கும்.

ஃபியூஸ் நல்லது.
ரிலேயை மாற்றிப் பார்த்தேன், அதுவும் நல்லது.
முன்விசிறி சுற்றுகிறது.
கம்ப்ரசர் ஒயரில் மீட்டரை வைத்தால்
பன்னிரண்டு வோல்ட், கொஞ்சம் கூடவே.
கரண்ட் வாசல்வரை வந்து நிற்கிறது.
கதவு திறக்கவில்லை.
பெல்ட் இழுக்கப் புல்லி மட்டும் ஓட,
முன்தட்டு அசையாமல் கிடந்தது.

துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து
கட்டை முனையால்
தட்டை ஒரு தட்டு.

டக்.

எஞ்சின் ஒரு நொடி முனகி
பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டது.
முட்கள் பிரிந்தன.
எவாரிஸ்தோ காற்று வரும் துளையில்
முகத்தைப் பதித்து,
கண்மூடி, சிலுவை போட்டுக்கொண்டான்.
"அற்புதம்."
"இல்லப்பா, இடைவெளி. வண்டியை அணை."

தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே
அரை மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாது.
தேய்ந்து தேய்ந்து
ஒன்றைத் தாண்டியிருக்கிறது.
காலையில் காந்தச் சுருளுக்குத் தெம்பு உண்டு,
எட்டி இழுத்துக்கொள்கிறது.
உச்சிவெயிலில் அதற்கும் கை தளர்ந்துவிடுகிறது.
எனக்கும்தான்.

போல்ட்டைக் கழற்றித் தட்டை உருவினேன்.
உள்ளே மூன்று வளையம்,
வெங்காயத் தோல் கனம்.
ஒன்றை எடுத்து வெளியே வைத்தேன்.
மற்ற இரண்டோடு மூடினேன்.
"என்ன போட்டே?"
"ஒண்ணும் போடல. எடுத்தேன்."
"எடுத்ததுக்கா காசு?"

இந்த வேலையில் கடினமான இடம்
போல்ட் இல்லை, இதுதான்.

அதற்குள் கேக்கின் நடு அடுக்கு
அரை அங்குலம் நகர்ந்துவிட்டது.
அட்டைப்பெட்டி மூடியால்
பேய் ஓட்டுவதுபோல விசிறிக்கொண்டே
"கிரீடத்தைக் கொஞ்சம் பிடியேன்" என்றான்.
பிடித்தேன்.
நேராக வைத்தேன்.
கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன்,
வெள்ளைச் சர்க்கரைமேல் கருப்பாக
என் கட்டைவிரல்,
ரேகைகூட விடாமல்.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை.
பிறகு அவன் கிரீடத்தை மெல்லத் திருப்பினான்.
"இது பின்பக்கம்" என்றான்.
அப்படியே முடிவாயிற்று.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனான்.
கடையில் எனக்கு மேசை விசிறிதான்;
அது அனலை இங்கிருந்து எடுத்து
அங்கே வைக்கிறது.
வளையம் சட்டைப்பையில் கிடந்தது.

இரவு எட்டரைக்குப் போனில் ஒரு படம்.
கேக் நிமிர்ந்து நிற்கிறது.
அந்தப் பெண் கத்தியோடு சிரிக்கிறாள்.
அதைப் படமெடுத்த புண்ணியவான்
மேசைக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறான்.